ஸ்டெல்லா அக்காவும் முப்பது நாள் டைமரும்

அதியமான்கோட்டையில் காலைப் பேருந்துக்கு நின்றிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் அண்ணன் அழைத்தார். "ஸ்டெல்லா போயிடுச்சுங்க தம்பி. மாரடைப்பு." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

தருமபுரியில் ஆறு பேர் வேலை செய்த சிறிய மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. நான் நிரல் எழுதுவேன். அதைச் சோதித்து அனுப்புவது அக்கா. பொம்மிடியிலிருந்து வருவார். என் நிரலில் ஓட்டை கண்டுபிடித்த நாளில் தன் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடுதலாக எனக்கு வைப்பார். "திட்டு வாங்கறவனுக்குத் தெம்பு வேணுமில்ல" என்பார்.

ஒரு கண் மருத்துவமனைக்கு நினைவூட்டல் செயலி செய்தோம். கண்புரை அறுவை முடிந்த முப்பதாம் நாள், 'சொட்டு மருந்தை நிறுத்தலாம்' என்று நோயாளியின் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் டைமரில் முப்பது நாளைப் போட்டேன். ஒரு நிமிடம், ஒரு நாள் என்று வைத்துப் பார்த்த அக்கா, "முப்பது நாளையும் போட்டு ஓட்டிப் பாத்துடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "ஒரு நாள் நிக்கிறது முப்பது நாள் நிக்காதாங்கக்கா? அனுப்புங்க." அவசரம் என்னுடையது.

அந்த டைமர் இருபத்தைந்து நாள்கூடத் தாங்காது. அதற்கு மேல் கொடுத்தால் காத்திருக்காமல் உடனே வேலையை முடித்துவிடும். பென்னாகரத்து விவசாயி ஒருவருக்கு, அறுவை முடிந்து வீடு திரும்பிய அன்றே செய்தி போனது. அவரும் மருந்தை நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்து விஷயம் தெரிந்ததும் அக்கா பேருந்து பிடித்து அவர் வீட்டுக்கே ஓடினார். கண்ணில் சீழ் பிடித்திருந்தது. பார்வை திரும்பவில்லை.

முதலாளி கேட்டபோது, "பாக்காம விட்டது என் தப்புங்க" என்றார் அக்கா. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் அக்கா, "உங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு. உனக்கு வேல வேணும். விடு" என்றார். அந்த வாரமே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம், அப்பா தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்பா தேறியும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று அவர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஒரு தப்புக்கப்புறம் எங்கியும் வேலைக்குச் சேத்துக்கல தம்பி. நீங்களாச்சும் வந்தீங்களே." "ஆமாங்க" என்றேன். அங்கேயும் உண்மையைச் சொல்லவில்லை. என்ன பிறவி நான்!

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் எனக்காகச் சுமந்த பழி மட்டும்தான். உயிரோடு இருந்தவரை அதை அவரிடமிருந்து நான் இறக்கி வாங்கவில்லை. அவர் அண்ணன் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்: அவரைச் சோதிக்கவிடாமல் தடுத்தது நான்.