கூடை மாறிய சீன ஜாடி

எழுபதுகளின் கடைசியில், மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வழியாக வேலூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணமாகி அதைவிடக் குறைவு. இந்த வேலை போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு பெரிய கவலை கிடையாது.

பொங்கலுக்கு முந்தின சந்தை நாள். பகல் பதினொரு மணி வண்டியில் நிற்கக்கூட இடமில்லை. முன்சீட்டில் வேலூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். பழைய சீனப் பீங்கான் பாத்திரங்களைச் சேர்த்து வைக்கிற பைத்தியம் அவருக்கு. மலையில் பங்களா கட்டிக்கொண்டு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு ஜாடியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சமையல்காரரின் மகன் அதில் குடை செருகி வைத்திருந்தார். அதைக் கேட்டு டாக்டர் ஒரு வருஷமாக எங்கள் வண்டியில் மேலே போவதும் வெறுங்கையோடு இறங்குவதுமாக இருந்தார். அன்றுதான் கிடைத்திருந்தது. வைக்கோல் திணித்து, மேலே கோணி வைத்துத் தைத்த மூங்கில் கூடை ஒன்றை மடியில் அணைத்தபடி ஏறினார்.

"இருநூறு வருஷமாவது இருக்கும் தம்பி. கீழ எழுத்தெல்லாம் இருக்கு. நீயே பாரேன்," என்று தையலைப் பிரிக்கப் போனார்.

"வேணாம் சார், கூட்டமா இருக்குது. குடுங்க, டிரைவர் பக்கத்துல பத்திரமா வச்சிடறேன்."

நானே கேட்டு வாங்கி வைத்தேன். அதுதான் வினை. அங்கே ஏற்கெனவே இன்னொரு கூடை இருந்ததை நான் யோசிக்கவில்லை. அதுவும் அதே அளவு, அதே கோணித் தையல். மலைக்காரப் பெண் ஒருத்தி பொங்கலுக்காகச் சந்தையில் வாங்கிய மண்பானைகள் அதில் இருந்தன. நடுவழியில் புளியமரத்து ஸ்டாப்பில் அவள் இறங்கியபோது நான்தான் கூடையை எடுத்து அவள் தலையில் ஏற்றிவிட்டு விசில் ஊதினேன். டாக்டர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

போளூர் பஸ் ஸ்டாண்டில் விழித்தவர் கூடையை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டுத் தையலைப் பிரித்தார். உள்ளே இருந்து ஒரு மண்பானையின் வாய் எட்டிப் பார்த்தது.

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. பானையைத் தொட்டுப் பார்த்தார், வைக்கோலை விலக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது?" என்றார், அவ்வளவுதான்.

டிரைவர்தான் சுதாரித்தார். "புளியமரத்து ஸ்டாப்ல எறங்குன பொம்பள. நீ ரெண்டு மணி வண்டியில மேல போ. இந்த ட்ரிப்புக்கு வேற ஆள நான் ஏத்திக்கறேன்."

"போய்ட்டு வா தம்பி," என்றார் டாக்டர். "நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பானைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். ஸ்டாப்பிலிருந்து அவள் ஊருக்கு இரண்டு மைல். வண்டிப் பாதையை விட்டுப் பலா மரங்களுக்கு நடுவே குறுக்கு வழியில் ஏறினேன். கூடையைத் தலையிலிருந்து பொத்தென்று இறக்கியிருப்பாளோ, பானைதானே என்று கை போட்டு உருவியிருப்பாளோ, பிள்ளைகள் எடுத்து உருட்டியிருக்குமோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விதமாக அந்த ஜாடி எனக்குள் உடைந்தது. ஒரு பாறையில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். அப்போதும் கூடையை விடவில்லை. இவள் பானையும் உடைந்துவிட்டால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஊரில் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. என் காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே, "அதோ, கடைசி வூடு," என்று கை காட்டினார்கள்.

வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஓடி வந்தாள்.

"கண்டக்டர் தம்பிதானே? வந்துட்டியா! நீ வருவியா வருவியான்னு வழியவே பாத்துனு உக்காந்திருக்கேன். எங்க வூட்டுக்காரரு ஸ்டாப்பாண்ட போய் நிக்கறாரே, பாக்கலியா?"

"குறுக்கால வந்துட்டேன்க்கா. கூடை…"

"இருக்குது, இருக்குது. உள்ள வா."

உள்ளே மூலையில் இடுப்பு உயரத்துக்குத் தானியக் குதிர் ஒன்று நின்றது. மூடியை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் கேழ்வரகைத் தள்ளினாள். வெள்ளையும் நீலமுமாக ஒரு வாய் தெரிந்தது.

"பிள்ளைங்க ஓடுது, கோழி ஏறுது. எங்க வைக்கறதுன்னே தெர்ல. அதான் கேவுருக்குள்ள முழுசா பொதச்சி வச்சிட்டேன். இன்னிக்குக் கொல்லைக்கும் போவல. நான் திருடினு வந்துட்டேன்னு போலீசு கீலீசு இட்டுனு வருவியோன்னு பயந்துனே இருந்தேன். நல்லா பாத்துக்கோ தம்பி, கீறல் எதுனா இருக்குதா?"

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீல மலைகள், ஆறு, சின்ன ஓடத்தில் குந்திக்கொண்டு தூண்டில் போடும் ஒரு ஆள். ஒரு மயிரிழைக் கீறல்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் தன் கூடையைப் பிரித்துப் பானைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசை கேட்டு, "எல்லாம் முழுசா இருக்குது," என்று சிரித்தாள்.

"இதுல இன்னா வைப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வைக்க மாட்டாங்கக்கா. பாக்கறதுக்குத்தான்."

"சும்மா பாக்கறதுக்கா?" என்று குனிந்து அந்த ஓடக்காரனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்குது."

அதற்குள் அவள் கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஜாடியை வைக்கோலில் வைத்து அவரே தைத்தார். என் முழங்காலைப் பார்த்துவிட்டு, கூடையை என்னிடம் தர மறுத்துவிட்டார். "உனுக்கு இந்த வழி பழக்கமில்ல. ஸ்டாப் வரிக்கும் நான் தூக்கினு வர்றேன்." கூழ் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் அவள். ஐந்து மணி வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடினேன்.

இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில்கூட நான் கூடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

போளூரில் டாக்டர் அதே பெஞ்சில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரித்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். சாய்த்தபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி கேழ்வரகு கொட்டியது. ஏது என்று கேட்டார். குதிர் கதையைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானாயிருந்தாகூட இவ்ளோ பத்திரமா வச்சிருக்க மாட்டேன்," என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "உங்க முதலாளிக்கு இதெல்லாம் தெரிய வேணாம். சாப்ட்டியா?"

காலையிலிருந்து இருவருமே சாப்பிடவில்லை. எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனோம். ஜாடியைத் தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சுவரோரமாக ஒரு நாற்காலியை இழுத்து அதன்மேல் கூடையை உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

இலை போட வந்தவர் நின்று பார்த்தார். "அதுக்கும் ஒரு இலை போடட்டுங்களா?"

"வேணாம். அது கேவுரு சாப்ட்டுட்டு வந்திருக்கு," என்றார் டாக்டர்.

அதற்கே நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அவர் தன் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். சூடாகத் தோசை வந்தது.