தாமதித்து வரும் மறுமொழி

கடலுக்கு நடுவிலிருந்து வரும் குரல் சற்றுத் தாமதித்துத்தான் வந்து சேரும். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் போனில் எங்களோடு செபமாலை சொல்லத் தொடங்கியபோது அந்தத் தாமதம் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. மாலையில் கோயிலில் திருந்தாதி மணி அடித்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு செபம் தொடங்கும். நாங்கள் மாதா சுரூபத்தின் பாதத்தில் போனைச் சாய்த்து வைப்போம். 'அருள் நிறைந்த மரியே' என்று முன்பாதியை நான் சொல்வேன். மாமியாரும் நான்கு வயது மகளும் பின்பாதியைச் சொல்லி முடிக்கும்போதுதான் அவருடைய 'புனித மரியே' வந்து சேரும். அவர் முடிக்கும்வரை காத்திருப்போம். நாளாக ஆக, அந்தக் காத்திருப்பும் செபத்தோடு சேர்ந்துவிட்டது.

"ஏளா, நீ மாதாவப் பாக்கியா, போனப் பாக்கியா?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார்.

"மாதா பக்கத்துலதான மாமி போன் இருக்கு."

"மாதா நேராத்தான் நிக்காங்க. உன் கண்ணுதான் சரிஞ்சி போவுது."

சிரித்துவிட்டேன். ஆனால் துணி மடிக்கும்போதும் மகளுக்குச் சோறூட்டும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. நான் கடவுளிடம் பேசுகிறேனா, இல்லை, என் கணவரின் குரலைக் கேட்கத்தான் தினமும் முழந்தாளிடுகிறேனா?

பிறகு அவருடைய கப்பல் ஆபத்தான ஒரு கடல்வழியில் போக வேண்டிவந்தது. "கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது. செபத்த மட்டும் விட்டுராத" என்றார். டி.வி.யில் அந்தக் கடலின் பெயர் வந்தாலே சத்தத்தைக் குறைத்துவிடுவேன். குறைத்த பிறகு, ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று மறுபடியும் கூட்டுவேன்.

முதல் நாள் மாலை எனக்கு வாய் வரவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மாமியார் செபத்தை நடத்தினார். அடுத்த நாள் மகளே என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். முன்பாதியைச் சொன்னேன். அவர்கள் பின்பாதியைச் சொன்னார்கள். நான் அடுத்ததைத் தொடங்கப் போகையில் மகள் என் வாயைப் பொத்தினாள்.

"அப்பா இன்னும் சொல்லல."

மாமியாரும் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தோம். சன்னல் வழியாக உப்புக்காற்று வந்து மெழுகுதிரிச் சுடரைச் சாய்த்தது. துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. பக்கத்து வீட்டில் யாரோ அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால் இன்னொரு வீடு. தெரு முழுவதும் அலை வந்து போவதுபோல் அந்த ஒலி எழுந்து தணிந்தது. அவர் குரலும் அதற்குள் எங்கோ இருப்பதாகத் தோன்றியது. அதைத் தேட நினைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. மகள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

அதன்பின் வந்த மாலைகளெல்லாம் தண்ணீருக்குள் நடந்தவைபோல் மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. பகலெல்லாம் பயம் இருந்தது. செபத்திலும் இருந்தது. ஆனால் செபத்தில் மட்டும் அதைக் கீழே வைக்க ஓர் இடம் கிடைத்தது.

ஒருநாள் நண்பகலில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கப்பல் அந்தக் கடலைத் தாண்டி வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைச் சேர்ந்துவிட்டதாம். ஈரக்கையோடு போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சாயந்தரம் சரக்கு இறக்குத வேல. செபத்துக்கு வர முடியாது, நீங்க சொல்லிருங்க" என்றார்.

"சரிங்க" என்றேன்.

மாலையில் மணி அடிக்கும் முன்பே மெழுகுதிரியை ஏற்றிவிட்டேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு என்னளா அவசரம்? அவன்தான் வரமாட்டான்லா."

"தெரியும் மாமி" என்றபடி முழந்தாளிட்டேன். அவர் நலமாகச் சேர்ந்த சந்தோஷத்தில்தான் எனக்குச் செபம் சொல்லும் ஆசை வந்ததோ என்று அப்போதும் ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தோடேயே சிலுவை போட்டேன்.