மூன்றாம் பெட்டியில் ஒரு சகோதர நகரம்

மாரிகுப்பம் யசோதரா, வயது நாற்பத்திரண்டு, பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைப் பொத்தான்களை இழுத்துப் பார்ப்பவர். அது வாரத்தில் ஆறு நாள். உலக ஒற்றுமை, ஞாயிற்றுக்கிழமைகளில். கோலார் தங்க வயலுக்கும் இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கத்துச் சுரங்க ஊர் ஒன்றுக்கும் சகோதர நகர ஒப்பந்தம் போட இரண்டு வருடம் விடாமல் கடிதம் எழுதியவர் அவர்தான். அந்த ஊர்க்காரர்களின் பாட்டனார்கள் இங்கே தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர்கள். உறவு கேட்க அதைவிட என்ன வேண்டும்?

பதில் வந்தது. அந்த ஊர் மேயர் அம்மாள் நேரில் வருகிறார். ஊர் மக்களைச் சந்தித்து, திருப்தி ஏற்பட்டால்தான் கையெழுத்து. நாள்: புதன், பகல் பதினொரு மணி.

யசோதரா சகோதர நகரக் கமிட்டித் தலைவரிடம் ஓடினார். தலைவர் மேக்ஸ்வெல், சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"மாமா, புதன்கிழமை பதினோரு மணிக்கு ஊர்ல யாரு இருப்பாங்க?"

"நான் இருக்கறேனே."

"சொரங்கம் மூடினதுலருந்து ஊரே விடியக்கால ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போயிடுது. மிச்சம் நீங்க, உங்க பென்ஷன் கூட்டாளிங்க நாலு பேரு, அப்பறம் நாய்ங்க. அத்தப் பாத்துட்டு அந்தம்மா அனுதாபக் கடுதாசிதான் எழுதும்."

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லு."

"சனிக்கெழம ஃப்ளைட்டு ஏறிடுவாங்களாம்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"ஊரு எங்க கீதோ அங்க கூட்டினு போறது."

செவ்வாய் மாலையே வந்துவிடும்படி மறுகடிதம் பறந்தது. புதன் விடியற்காலை, கழுத்தில் பதவிச் சங்கிலியுடன் மேயர் தங்க வயலின் மாரிகுப்பம் ஸ்டேஷனில் அந்த ரயிலில் ஏற்றப்பட்டார். யசோதரா தினமும் போகும் மூன்றாம் பெட்டி எழுந்து நின்றது. கணவருக்கே ஒன்பது வருடமாக விட்டுத்தராத ஜன்னலோர இடத்தைப் பார்வதம்மா விட்டுக்கொடுத்தார். இதற்கு மேல் அரசு மரியாதை எங்கள் ஊரில் கிடையாது. சீட்டாட்டம் நிறுத்தப்பட்டது. தக்காளிச் சாதம் பரிமாறப்பட்டது. சாம்பியன், உரிகம், பங்காருப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் மக்கள்தொகை கிடுகிடுவென்று உயர்ந்தது. யசோதரா ஒற்றைக் காலில் நின்றபடி வரவேற்புரை வாசித்தார். இன்னொரு காலுக்கு இடமில்லை.

மாலூர் தாண்டியதும் மேயர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். யசோதராவின் முகம் வெளுத்தது.

"இன்னா கேக்குது அது?" என்றார் பார்வதம்மா.

"ஊர எப்ப காட்டுவீங்கன்னு."

"அப்ப நாமெல்லாம் இன்னா, பேயா? இங்கதான ஒக்காந்துனு கீறோம்."

யசோதரா ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். மேயர் பெட்டியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். பிறகு பேனா கேட்டார். ஏழு பேனாக்கள் நீண்டன. ஒப்பந்தத்தைப் பார்வதம்மாவின் டிபன் கேரியர் மூடிமேல் வைத்துக் கையெழுத்திட்டார்.

மை காய்வதற்குள் பெங்களூர் எல்லை, வைட்ஃபீல்டு வந்தது. ஊரில் பாதி இறங்கி வேலைக்கு ஓடிற்று. மேக்ஸ்வெல் போனில் வந்தார்.

"கையெழுத்து ஆச்சாம்மா?"

"ஆச்சு மாமா."

"எங்க?"

"ஊர்லதான். இப்ப வைட்ஃபீல்டு தாண்டினு கீது."