பச்சை விளக்கின் மேல் கறுப்பு டேப்

அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. பக்கத்து வீட்டில் ஊசி விழுந்தால் இவள் இங்கிருந்து "என்ன விழுந்துச்சு?" என்று கேட்பாளாம். தெருவில் இப்படிக் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பெரிய பொய்யில்லை. வீட்டின் உள்ளறையில் சுவர் முழுக்கக் கம்பளியும் பஞ்சுப் பலகையும் அடித்து, அதை ஒலிப்பதிவுக் கூடமாக்கி, அந்தக் காதை வைத்தே இத்தனை வருடம் பிழைத்தவள். லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று ஒரு குரல் சொல்லுமே, வங்கிக்குப் போன் போட்டால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு குரல் நம் உயிரை வாங்குமே, அதையெல்லாம் பதிந்து கொடுப்பதுதான் அவள் தொழில். அந்தக் குரல் அவளுடைய தம்பியுடையது.

யாரென்று தெரியாமலே ஊர் முழுக்க அவனைத் திட்டியிருக்கிறது. அவனே ஒருமுறை வங்கிக்குப் போன் செய்து, தன் குரலே தன்னைக் காக்கவைத்ததில் கடுப்பாகி, "போடா டேய்" என்று போனை வைத்துவிட்டு வந்து அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரிப்பு பெரிய சிரிப்பு. மைக்குக்கு முன்னால் சிரித்தால் அளவுமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

உள்ளறையில் ஒரு இரும்பு ரேக். அதில் மைக்குக்கான கருவி, பதிவுக் கருவி, பதிந்ததை வைக்கும் டிஸ்க், அதன் நகலை வைக்கும் இன்னொரு டிஸ்க். எல்லாவற்றுக்கும் அடியில், ரேக்கோடு திருகி முடுக்கிய ஒரு சர்ஜ் பெட்டி. திடீரென்று மின்சாரம் எகிறி வந்தால் அந்த அடியை இந்தப் பெட்டி தான் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்ற வேண்டும். அவள் அதை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டால் சிரிப்பு வரும். முகப்பு கறுப்பாக இருந்தது, ரேக்கின் நிறத்தோடு பொருந்தியது, பின்னால் நிறைய பிளக் செருகலாம். அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பவள்கூட இன்னும் நாலு கேள்வி கேட்பாள்.

இந்தக் கருவிகளில் மினுக்மினுக்கென்று எரியும் குட்டி விளக்குகள் அவளுக்கு ஆகாது. வாசிக்கிறவன் முன்னாலிருக்கும் கண்ணாடியில் அவை பட்டுக் கண்ணைப் பறிக்கும். அதனால் ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுவாள். ஒட்டும்போது முனையைக் கொஞ்சம் மடித்துவிடுவாள், பிறகு உரிக்கும்போது நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள். மாத்திரை டப்பாவை ஒட்டினாலும் சரி, கிழிந்த குடையை ஒட்டினாலும் சரி, அந்தக் குட்டி மடிப்பு இருக்கும். அதை வைத்தே இது யார் ஒட்டியது என்று வீட்டில் கண்டுபிடித்துவிடலாம்.

தம்பிக்குத் தொண்டை கரகரவென்றிருந்ததை முதலில் கேட்டதும் அவள் காதுதான். "டாக்டர்கிட்ட காட்டுடா" என்று அவள் விரட்டியதால்தான் போனான். போய்விட்டு வந்து, குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டுமாம் என்றான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த ஹெட்போனைக் கீழே போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. போகட்டும், உயிர் பிழைத்தால் போதும் என்று தம்பியின் மனைவி ஒருத்திதான் நிதானமாக நின்றாள்.

ஒரு வழி இருந்தது. அவன் குரலில் சின்னச் சின்ன வாக்கியங்களைப் பதிந்து வைத்தால், பிறகு கையடக்கக் கருவி ஒன்றில் பொத்தானை அழுத்தி அவன் குரலிலேயே பேசலாம். அக்கா உடனே மைக்கைப் போட்டாள். "தண்ணி வேணும்." "வலிக்குது." "பாப்பா தூங்கிட்டாளா?" இப்படியே போனதைப் பார்த்த அவன் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன, ஆஸ்பத்திரியில பேசுற மாதிரியே பேசிட்டிருக்கீங்க? என்னைத் திட்டுறீங்களே தினமும், அதைப் பதிங்க. திட்டு வாங்காம எனக்கு எப்படிப் பொழுது போகும்?" என்றாள்.

அவன் "அறிவிருக்கா உனக்கு? சாவியை எங்க வச்சே?" என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே வெடித்துச் சிரித்துவிட்டான். முள் சிவப்புக் கோட்டில் போய் முட்டியது. அக்கா அந்தச் சிரிப்பைத் தனியாக வெட்டியெடுத்து, 'சிரிப்பு' என்று பெயர் போட்டு வைத்தாள். எல்லாம் முடிந்தது, நகலும் எடுத்தாயிற்று, கையடக்கக் கருவியில் ஏற்றுவதுதான் பாக்கி, வியாழக்கிழமை அறுவை என்று நிம்மதியாக இருந்த வாரம் அது.

அந்த வாரத்தின் ஒரு மத்தியானம், மழை சரியாகப் பிடிக்கக்கூட இல்லை, தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். வீட்டு விளக்குகள் ஒரு கணம் பளீரென்று எரிந்து அணைந்தன. உள்ளறையிலிருந்து கருகின வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பதிவுக் கருவி செத்திருந்தது. டிஸ்க் செத்திருந்தது. நகல் டிஸ்க்கும் செத்திருந்தது, அது அதே ரேக்கில், அதே சர்ஜ் பெட்டியில்தானே செருகியிருந்தது. பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள எல்லாம் வெந்துபோச்சும்மா, ஒண்ணையும் எடுக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார்.

பெட்டி இருக்கும்போது எப்படி? அவள் குனிந்து, சர்ஜ் பெட்டியின் விளக்கு மேலிருந்த டேப்பை மடிப்பைப் பிடித்து உரித்தாள். 'பாதுகாப்பு' என்று எழுதியிருந்த இடத்தில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. கரண்ட் இல்லையோ என்று பார்த்தால், அதே பெட்டியில் செருகிய மேசை விளக்கு ஜோராக எரிகிறது.

கடைக்காரரிடம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செத்து வருஷக்கணக்காச்சே. பார்க்கலையா நீங்க?"

"கரண்ட் வந்துட்டுத்தானே இருந்துச்சு?"

"கரண்ட் வரும். இது செத்தாலும் கரண்டை விடுற ரகம். காவல்காரன் போய்ச் சேர்ந்துட்டான், கேட்டு திறந்தே கிடக்குன்னு வச்சுக்குங்க. சின்னச் சின்ன அடியா வாங்கி வாங்கி உள்ள இருக்கிறது தேஞ்சுபோகும். தேஞ்சா பச்சை விளக்கு அணையும். அதுக்குத்தானே விளக்கே வச்சிருக்கான்?" அவர் விளக்கைச் சுற்றியிருந்த டேப்பின் பசையை விரலால் தடவினார். "இதென்ன பிசுபிசுன்னு?"

அவள் வேறு பெட்டி காட்டச் சொன்னாள்.

இந்த முறை எல்லாம் கேட்டாள். எவ்வளவு பெரிய அடியைத் தாங்கும், பாதுகாப்பு போனால் தானாகவே கரண்டை நிறுத்துமா, நெட் கேபிள் வழியாக வரும் அடியையும் பிடிக்குமா, ரேக்கில் திருக இடம் சரியாக இருக்குமா. கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். முகப்பு அசிங்கமான சாம்பல் நிறம். அவள் நிறத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

"வீட்ல எர்த் ஒழுங்கா இருக்கில்ல? எர்த் இல்லன்னா எந்தப் பெட்டி போட்டும் பிரயோஜனமில்லை. வாங்கின அடியைக் கொண்டுபோய்க் கொட்ட அதுக்கு ஒரு இடம் வேணும்," என்றார் அவர்.

"எர்த் இல்லாத வீடா? நல்லா கேட்டீங்க," என்று சிரித்துவிட்டு வந்தாள்.

புதுப் பெட்டியைத் திருகி, பிளக்கைச் செருகினாள். பச்சை எரிந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று எரிந்தது. பழக்கதோஷம், பாருங்கள், அவள் கை தானாகப் போய் டேப்பைக் கிழித்துவிட்டது. ஒட்டப்போகும்போதுதான் விளக்குக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். 'எர்த் இல்லை.'

எலக்ட்ரீஷியன் வந்தார். தம்பியும் வந்து நின்றான். இதற்குள் அவன் தொண்டை இன்னும் மோசமாகியிருந்தது. குரலை மிச்சம் பிடிக்க வேண்டும், பதிவைத் தவிர வேறெதற்கும் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் எல்லாம் சைகைதான். எலக்ட்ரீஷியன் சுவரிலிருந்த பிளக் பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யாருங்க இந்த வேலை பார்த்தது? எர்த் ஒயரையே வெட்டி விட்டிருக்காங்க!"

"என்னது! எந்தப் படுபாவி?" என்று கத்திக்கொண்டே அவள் குனிந்தாள்.

வெட்டிய ஒயரின் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் முனையில் குட்டியாக ஒரு மடிப்பு.

பேயறைந்தது போல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ செய்தது என்று கத்திய வாய் மூடவே இல்லை. எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கூடத்தை ஆரம்பித்த புதிதில் ஒவ்வொரு பதிவிலும் அடியில் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். வேறு யாருக்கும் கேட்காது, இவளுக்கு மட்டும் கேட்கும். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. எர்த்தை எடுத்துவிட்டால் போய்விடும் என்று இதே தொழிலில் இருக்கும் ஒருத்தர் சொன்னார். எடுத்தாள். இரைச்சல் போனது. என் காதுக்கு ஈடில்லை என்று அன்றைக்கு ஒரு ஆட்டம் போட்டாள். அப்புறம் அதை அடியோடு மறந்துவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவள் சொந்தக் கையால் செய்து, பத்திரமாக டேப்பும் சுற்றி வைத்திருந்தாள். அன்றைக்கு டார்ச் பிடித்து நின்றவன் தம்பி.

எலக்ட்ரீஷியன் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து கிழிந்த துணி மாதிரி ஒரு குரல் வந்தது.

"நான்தாங்க வெட்டினேன். சின்ன வயசு. தெரியாம செஞ்சுட்டேன்."

அவளுக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. "டேய், பேசாதடா!" என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனிடம் மிச்சமிருந்ததே கொஞ்சம் குரல். அதில் ஒரு பங்கை எடுத்து, முன்பின் தெரியாத ஆளிடம் அக்காவுக்காகப் பொய் சொல்லிச் செலவழித்துவிட்டான். அவள் முகத்தை நிமிர்த்த முடியாமல் பிளக் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒயரைச் சேர்த்தார்கள். சிவப்பு அணைந்து பச்சை மட்டும் நின்றது. இரவலாக வாங்கி வந்த பதிவுக் கருவியைப் பூட்டி ஹெட்போனைக் காதில் வைத்தாள். ம்ம்ம் என்றது. அதே இரைச்சல், ஒரு நாள்கூட வயசாகாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. அதைப் பிரித்தெடுக்க ஒரு கருவி உண்டு, வரவழைக்க இரண்டு வாரமாகும், அறுவையோ இந்த வியாழக்கிழமை. அவனை ஒரு வார்த்தை பேசவைத்துப் பதிந்து, அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துப் பார்த்தாள். இரைச்சலும் அவன் கரகரப்பும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருந்ததால், துடைத்தால் அவனும் சேர்ந்து போனான்.

வெளியே வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. எலக்ட்ரீஷியன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, "பதிஞ்சு முடிக்கிற வரைக்கும் எர்த்தைக் கழட்டி விடட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. அதைத் தொடாதீங்க," என்றாள் பாம்புக்காது.

மறுபடி பதிந்தார்கள். "தண்ணி வேணும்." "பாப்பா தூங்கிட்டாளா?" "அறிவிருக்கா உனக்கு?" முதலில் பதிந்த குரலின் எலும்புதான் மிச்சம், அதற்கடியில் ம்ம்ம். கடைசியில் அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, "சிரிடா" என்றாள். அவன் சிரித்துப் பார்த்தான். தோள் குலுங்கியது, வாய் திறந்தது, தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை முயன்றான். முள் அசையவில்லை. அவள் அதை அழிக்கப் போனபோது அவன் கண்ணாடியைத் தட்டி, வேண்டாம், இருக்கட்டும் என்று கைகாட்டினான். சரி என்று அதற்கும் 'சிரிப்பு' என்று பெயர் போட்டாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆள் தேறிவிட்டான், சாப்பிடுகிறான், மகளைப் பள்ளியில் விட்டு வருகிறான், பொத்தானை அழுத்தி மனைவியைத் திட்டுகிறான். நகல் டிஸ்க் இப்போது அவன் வீட்டில் இருக்கிறது. உள்ளறை ரேக்கில் எந்த விளக்கின் மேலும் டேப் கிடையாது. வாசிக்க வருகிறவர்கள் கண் கூசுகிறது என்று முனகுகிறார்கள், அவள் காதில் வாங்குவதில்லை.

ஆனால் அவனுக்குச் சிரிப்பு வரும்போது தோள் குலுங்கும், கை தேடிப் போய் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தும். ம்ம்ம் என்று வரும். மகள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள், அவனும் இன்னொரு தடவை அழுத்துவான். அவர்கள் வந்திருக்கும்போது அக்கா தன் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அது அவளுக்குக் கேட்டுவிடும், அவள் காது அப்படி. ஒவ்வொரு முறையும் கைவேலை அப்படியே நின்றுபோகும். எந்தச் சத்தம் காதில் விழக் கூடாதென்று அவள் அந்த ஒயரை வெட்டினாளோ, அதுதான் இப்போது அவன் சிரிப்பு.