கல்லறையில் கிடைத்த பால் குவளை

குழந்தையைப் பறிகொடுத்ததிலிருந்து மனைவி சரியாக வாய் திறக்கவேயில்லை. கொஞ்சம் மனசு மாறட்டும் என்று, லீவு நாளில் கண்டக்டர் அவளை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்திருந்தார். பஸ்ஸில் ஊரையே அதட்டுகிறவர், இவளிடம் பூனைக்குட்டியாகப் பேசினார்.

ரோமானியர் கூடத்தில் தலையில்லாத சிலையைக் காட்டி, "டிக்கெட் செக்கரப் பாத்ததும் தலைய விட்டுட்டு ஓடியிருக்கான் பாரு," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. மூக்கு வைத்த சின்ன மண்குவளை ஒன்றின் முன் நின்றுவிட்டாள். பால் புகட்டும் குவளை, ஒரு குழந்தையின் கல்லறையில் கிடைத்தது என்று கீழே எழுதியிருந்தது.

"பாருங்க, பெத்தவ கையோட குடுத்தனுப்பியிருக்கா," என்றாள். "எனக்கு அன்னிக்குத் தோணல. வீட்டுல இருக்கே நம்ம பாப்பா பாட்டில், அதைக் கொண்டுபோய் அவளப் பொதச்ச எடத்துல வச்சிடலாங்க."

கண்ணில் பட்டால்தானே அழுகிறாள் என்று, அந்தப் பாட்டிலை அவர் காலையில்தான் குப்பை லாரியில் போட்டிருந்தார்.

"இப்பவே போலாமா?" எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்மா," என்றபடி அவர் அடுத்த கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.