ஒரு மாதம் தயாரித்த திடீர்ப் பேச்சு

போன மாதம் ஒரு போன். காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிற ஒரு பள்ளியின் கரெஸ்பாண்டன்ட். பள்ளியின் பெயர் வேண்டாம்... நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

"சார், நம்ம ஸ்கூல்ல இங்கிலீஷ் டே. எக்ஸ்டம்போர் போட்டிக்கு நீங்கதான் ஜட்ஜா வரணும். பத்திரிகையில எழுதுறீக, உங்களை விட்டா வேற யாரு?"

எழுதுவது தமிழில். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட்டது.

எக்ஸ்டம்போர் என்றால் தெரியுமில்லையா? சீட்டு எடுக்க வேண்டும். அதில் ஒரு தலைப்பு இருக்கும். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அந்த இடத்திலேயே பேச வேண்டும்.

"ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைக எல்லாம் ஒரு மாசமா பிரிபேர் பண்ணியிருக்கு சார்" என்றார் கரெஸ்பாண்டன்ட், விழா அன்று டீயை நீட்டிக்கொண்டே.

"தயாரிக்காமப் பேசுறதுக்கா?"

"பின்னே? ஒண்ணும் தெரியாம மேடையேறி முழிக்கச் சொல்றீகளா?"

நியாயம்தானே!

விஷயம் இதுதான். இங்கிலீஷ் டீச்சரே ஆளுக்கொரு பேச்சு எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். சீட்டுகளைப் பேசப்போகும் வரிசையிலேயே தட்டில் அடுக்கியிருந்தார். மேலே இருக்கும் சீட்டை எடுத்தால் போதும். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு!

அதைக் கெடுத்தது என் வியர்வை.

ஜட்ஜுக்குப் புழுங்குகிறதே என்று யாரோ ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டார்கள். சீட்டெல்லாம் பறந்தது. பிள்ளைகள் ஓடிப் பொறுக்கி, கைக்கு வந்தபடி அடுக்கி வைத்தார்கள். டீச்சரின் முகம் வெளுத்துப்போனது.

முதலில் ஒரு பையன். தயாரித்தது 'என் தாய்'. வந்தது 'பொல்யூஷன்'. அசரவில்லை அவன்.

"பொல்யூஷன் இஸ் அவர் ஃபர்ஸ்ட் காட்! பொல்யூஷன் கெட்ஸ் அப் எர்லி இன் த மார்னிங் அண்ட் குக்ஸ் ஃபார் அஸ்!"

பலத்த கைதட்டல்.

அடுத்து வந்த பெண் தயாரித்தது பொல்யூஷன். அவளுக்கு வந்தது தாய். "மதர் இஸ் ஸ்ப்ரெடிங் எவ்ரிவேர். வி மஸ்ட் ஸ்டாப் மதர் இம்மீடியட்லி" என்று மேஜையைத் தட்டி எச்சரித்தாள். அவளுடைய அம்மா முன்வரிசையில் பெருமை தாங்காமல் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பெண் பாத்திமா. சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சார், ஐ ப்ரிபேர்டு ட்ரீ. திஸ் இஸ் மொபைல் ஃபோன், பூன் ஆர் பேன். ஐ வில் ட்ரை."

ஹாலில் சிரிப்பு. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் திக்கித் திக்கித்தான் பேசினாள். அத்தா குவைத்தில் வேலை பார்க்கிறார். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். அவனுக்கு அத்தாவைப் போனில் மட்டும்தான் தெரியும். போன வருடம் அவர் லீவில் வந்து இறங்கியதும், தம்பி அலறி ஓடிப்போய்ப் போனைக் கையில் எடுத்துக்கொண்டானாம்.

"மை பிரதர் இஸ் டெல்லிங்... நாட் திஸ் மேன். மை ஃபாதர் இஸ் இன்சைட் திஸ்."

சிரித்துக்கொண்டிருந்த ஹால் அடங்கிவிட்டது.

"மை ஃபாதர் கிரையிங். ஆல்சோ லாஃபிங். சோ... பூன் ஆர் பேன், ஐ டோன்ட் நோ, சார். டுடே நைட் ஹி வில் கால். தேங்க்யூ."

வரமா சாபமா என்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு இறங்கிவிட்டாள். என் பக்கத்தில் இருந்த இன்னொரு ஜட்ஜ், ரிட்டயரான இங்கிலீஷ் பேராசிரியர், பென்சிலைக் கூராக்கினார்.

"டென்ஸ் எல்லாம் தப்பு."

"பொல்யூஷன் சமையல் பண்ணினதே சார்?"

"கிராமர் கரெக்ட்டா இருந்துச்சே!"

மூன்றாவது ஜட்ஜ் கரெஸ்பாண்டன்ட்டின் மச்சான். அவர் பேராசிரியரின் தாளை எட்டிப் பார்த்து அப்படியே மார்க் போட்டார். பரீட்சை ஹாலில் பழகியது, சுலபத்தில் போகுமா?

நான் பாத்திமாவுக்கு முழு மார்க் போட்டும் பயனில்லை. முதல் பரிசு பொல்யூஷனுக்கு. பாத்திமாவுக்கு ஒன்றுமில்லை.

மேடைப்படி ஓரம் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பய மாதிரி பேரை மட்டும் மாத்திப் பேசியிருக்கலாமுல்ல? மரத்துக்குப் பதிலா போனுன்னு சொல்றதுக்கு என்ன?"

"போன் நிழல் குடுக்கும், பழம் குடுக்கும்னு எப்படி டீச்சர் சொல்றது?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கரெஸ்பாண்டன்ட்டிடம் போனேன். முதல் பரிசு வாங்கியவர் தேவகோட்டையில் நடக்கும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்குப் போக வேண்டும்.

"அங்க தலைப்பை அங்கேயேதான் தருவாங்களாமே... நெசமாவே?" என்றேன், அப்பாவியாக.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பொல்யூஷன் பையனின் அப்பா பதறினார். "என்ன தலைப்புன்னே தெரியாம எப்படி சார் அனுப்புறது? பிள்ளை பயந்துறாது?"

அம்மாவைத் தடுத்து நிறுத்தச் சொன்ன வீராங்கனையின் வீட்டிலும் அதே பதில். வேறு வழியில்லாமல் கரெஸ்பாண்டன்ட், "சரி... அந்தப் போன் பிள்ளையை அனுப்புவோம்" என்றார்.

நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் இங்கிலீஷ் படித்தோம்? அது ஒரு மொழி, அதில் நம் வீட்டுக் கதையையும் சொல்லலாம் என்று எந்த வாத்தியாராவது ஜாடையாகவாவது சொன்னாரா? பெரிய கொஸ்டின், சின்ன கொஸ்டின் என்றார்கள். மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் கக்கினோம். மார்க் வந்தது. பேச்சு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாத்திமா அவள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், தேவகோட்டையில பிரைஸ் கிடைக்கல. ஆனா மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தாமப் பேசிட்டேன் சார்!"

குரலில் அப்படி ஒரு துள்ளல். கோப்பை வாங்கியவளுக்குக்கூட அது இருந்திருக்காது.

"டீச்சர் என்னம்மா சொன்னாக?"

"ரொம்ப சந்தோஷம் சார். நம்ம ஸ்கூல்ல பேசுனதையும் அங்க பேசுனதையும் தப்பெல்லாம் திருத்தி எழுதித் தரச் சொல்லியிருக்காக."

"எதுக்கு?"

"அடுத்த வருஷம் வர்ற பிள்ளைக மனப்பாடம் பண்றதுக்கு!"