இரும்புக்கடை வண்டி வருமுன் திருச்செங்கோட்டுக்கு

“அண்ணி, ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்கடை வண்டி வருது. அதுக்குள்ள எல காயலைன்னா மாடியில இருக்கற தகரப்பெட்டிய ஏத்திவுட்டுருவேன்.”

என் கொழுந்தனார் இப்படிக் கெடு வைத்தது போன மாசியில், ஒரு புதன்கிழமை. வியாழன் காலை 6.40க்கு நான் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் திருச்செங்கோடு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

அவர் தகரப்பெட்டி என்றது நான் கட்டிய சூரியக் காற்றுச் சூடேற்றியை. கறுப்புப் பெயின்ட் அடித்த தகடு, மேலே கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே காற்று. வெயிலில் சூடாகும் அந்தக் காற்றைச் சின்ன விசிறி ஒன்று முருங்கை இலைத் தட்டுகளுக்கு இழுத்துக் கொடுக்கும். வரும் காற்று கையைச் சுட்டது. இலையோ காய்வதற்குள் பழுப்பாகிப்போனது. முருங்கைப்பொடி செய்து சொந்தக் காலில் நிற்பேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவள் நான். பெட்டி போனால் அந்தப் பேச்சும் போகும். (அவருடைய ஓடாத மொபெட் ஆறு வருடமாக என் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதற்கு யாரும் கெடு வைத்ததில்லை.)

சங்ககிரி வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். 8.15க்கு இறங்கினேன். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். நான் ஏறவில்லை. சாமியிடம் முறையிடும் அளவுக்கு நான் இன்னும் தோற்கவில்லை.

என் இலை வியாபாரி சொன்ன அடையாளப்படி, ஆட்டோக்காரரிடம் போர் போடும் ரிக் லாரிப் பட்டறை என்றேன்.

“ஊரே ரிக் பட்டறைதானுங்க. எந்தப் பட்டறைங்க?”

“மாடியில கறுப்புப் பெட்டி இருக்கும்.”

“அட, முத்தாயக்கா ஊடுங்களா! ஏறுங்க.” நான்கு கிலோமீட்டர், 100 ரூபாய்.

முத்தாயி என்னைவிடப் பத்து வயது இளையவர். கணவர் போர் போடும் ரிக் லாரியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விட, பட்டறையையும் மாடியில் இலை காய்வதையும் இவர் பார்த்துக்கொள்கிறார். அந்த இலை வியாபாரி சொன்னது இவரைப் பற்றித்தான். என் பெட்டியின் சூட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“கை சுட்டா ஆச்சுங்களாக்கா? எல காயோணுமில்லீங்க. உங்க கண்ணாடியத் தொட்டுப் பாத்தீங்களா?”

“அதுவும் கொதிக்கும்.”

“அப்பச் சூடு ஆகாசத்துக்குத்தான் போகுதுங்க. எலைக்கு எங்க வரும்?”

மணி பதினொன்று. அவர் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தேன். வைத்துக்கொண்டே இருக்க முடிந்தது. தட்டில் இலை பச்சை மாறாமல் சலசலத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வித்தியாசம் தகட்டில். நான் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தேன். காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. முத்தாயி, வெல்டிங் ராடு எரிந்து மிஞ்சும் விரல் நீளத் துண்டுகளைத் தகட்டில் குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாகப் பற்றவைத்திருந்தார். காற்று அவற்றில் தடுக்கிக் கலைந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாகக் காட்டினார். “பொகை உள்ள போனா அங்க ஓட்டைங்க. வெளிக்காத்து பூந்து சூட்டக் கெடுத்துரும். விசிறியையும் கொஞ்சம் வேகமா வுடுங்க. சூடு கொறஞ்சாலும் காத்து நெறையப் போனாத்தான் எல காயுமுங்க.”

ஒரு பை ராடு துண்டுகளோடு 1.30 பஸ்ஸில் திரும்பினேன். வெள்ளிக்கிழமை எங்கள் தெரு வெல்டர் தலையில் அடித்துக்கொண்டே பற்றவைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை ஊதுபத்தி மூன்று ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்தது. அடைத்து, விசிறி வேகத்தையும் கூட்டினேன்.

நீங்களும் போவதாக இருந்தால் பத்து மணிக்கு மேல் வெயிலில் போய்ப் பாருங்கள். தொப்பி, தண்ணீர், ஊதுபத்தி கொண்டுபோங்கள். பெட்டியின் வாயில் கை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். நானே அப்படித்தான் ஏமாந்தேன்.

ஞாயிறு மதியம் வண்டி வந்துவிட்டது. கொழுந்தனார் மாடியேறி, காற்று வரும் வாயில் கை வைத்தார். “முன்னைக்கு இப்ப சூடே கொறஞ்சிருக்குதே அண்ணி!” முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் தட்டிலிருந்து ஒரு பிடி இலையை அந்தக் கையிலேயே வைத்தேன். மூடித் திறந்தார். பச்சைப் பொடி.

வந்த வண்டியை வெறுமனே அனுப்புவது மரியாதையில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடந்த மொபெட்டை ஏற்றச் சொன்னேன்.